எபிசோட் 37: ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கக் கூடாத நடனம்

இது ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன். பேச்சு நடையை முழுக்க மாற்றவில்லை.

ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு வணக்கம். உங்க மேல எனக்குக் கோபமெல்லாம் இல்லை, நானும் பாதி பாட்காஸ்ட்களை அப்படித்தான் கேட்கிறேன். ஆனா இன்னைக்குப் பேசப்போறதே வேகத்தைப் பற்றித்தான். முடிஞ்சா இந்த ஒரு எபிசோடுக்கு மட்டும் அதை 1-க்குக் கொண்டுவந்துடுங்க.

போன மாசம் ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். பரிசோதனையாக எடுக்கப்பட்ட நடனப் படங்களைப் பற்றி நான் ஒரு எபிசோடில் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அவர் ஒன்றைத் தேடிப்பிடித்துப் பார்த்திருக்கிறார். "கதை இல்லை, வசனம் இல்லை. பின்னாடி வயலின் ஓடுது, ரெண்டு பேர் ஆடுறாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இதுல எதைப் பார்க்கணும்னு மட்டும் தெரியல"ன்னு சொல்லியிருந்தார்.

நல்ல கேள்வி. "நல்லாத்தான் இருந்துச்சு" என்பதோடு நிறுத்திக்காம, எதைப் பார்க்கணும்னு கேட்டார் பாருங்க, அதுக்காகவே இந்த எபிசோட்.

பாட்டுதான் முதலாளி

திரையில் நடனம் பார்க்க நமக்கு இரண்டு வழிகளில்தான் பழக்கம்.

ஒன்று, சினிமாப் பாட்டு. பாட்டு முதலில் பதிவாகிவிடும். படப்பிடிப்பில் அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டு ஆடுவார்கள். பிறகு எடிட்டர் தாளம் விழுகிற இடம் பார்த்து ஷாட்டை வெட்டுவார். இரண்டாவது, மேடை நிகழ்ச்சியின் பதிவு. சபாவில் பின்வரிசையில் ஸ்டாண்டு போட்டு ஒரு கேமரா. நட்டுவாங்கத் தாளம் விழும், சலங்கை அதுக்குப் பதில் சொல்லும். கேமரா தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும்.

இரண்டிலும் பாட்டுதான் முதலாளி. உடம்பு பாட்டுக்கு வேலை செய்கிறது. கேமரா உடம்புக்கு வேலை செய்கிறது. அதனால நாம பார்க்கிறபோதும் ஒரே ஒரு கேள்விதான் மனசுல ஓடும். தாளத்துல சரியா விழுந்துச்சா, இல்லையா?

நான் சொல்கிற படங்களில் இந்த வரிசை குலைந்துபோகிறது. அங்கே மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. இசைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று. மூன்றும் ஒரே நேரம் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அவை எங்கே விலகுகின்றன, விலகும்போது என்ன வெளியே தெரிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். என் பதில் இவ்வளவுதான். மிச்ச நேரம் முழுக்க அதுக்கு உதாரணம்.

சத்தமில்லாத ஷோபான்

முதல் உதாரணத்துக்கு 1928-க்குப் போகணும், பாரிஸுக்கு. ஜெர்மேன் துலாக் என்ற இயக்குநர். சினிமாவைக் கண்ணுக்கான இசையாக ஆக்க முடியும் என்று நம்பியவர். அவர் எடுத்த ஒரு குறும்படத்தின் பெயர் 'டிஸ்க் 957'. ஷோபானின் பியானோ இசைத்தட்டைக் கேட்கும்போது மனதில் ஓடுகிற பிம்பங்கள்தான் படம். சுழலும் இசைத்தட்டு, அதன் மேல் வழுக்கிப் போகும் வெளிச்சம், மழைத்துளிகள். அடுத்த வருடம் டெபுஸியின் அராபெஸ்க் இசையை வைத்து இன்னொரு படம். அதில் பீறிடும் நீரும் ஒளியும்தான் ஆடுகின்றன.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இவை மௌனப் படங்கள். ஷோபானுக்காக எடுத்த படத்தில் ஷோபான் கிடையாது. பிலிமில் ஒலிக்கென்று தடமே இல்லை. இசைக்கான இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, அது இருந்தால் கண் எப்படி நகருமோ அப்படிக் காட்சிகளை அடுக்கியிருக்கிறார்.

அதே 1928-இல் 'தீம்ஸ் அண்ட் வேரியேஷன்ஸ்' என்ற பொருள் தரும் தலைப்பில் இன்னொரு படமும் எடுத்தார். ஒரு பாலே நடனக்காரி ஆடுகிறார். அவர் கை சுழலும்போது வெட்டு, ஒரு இயந்திரத்தின் சக்கரம் சுழல்கிறது. அவர் உடல் மேலும் கீழும் அசைய, வெட்டு, ஒரு தண்டு மேலும் கீழும் போகிறது. முதல் தடவை பார்த்தபோது இயந்திரமும் அழகாக ஆடுகிறது என்று சொல்ல வருகிறார் போல என்று எடுத்துக்கொண்டேன். இன்னொரு தடவை பார்த்தபோது அதே வெட்டு திருப்பியும் வேலை செய்தது. ஆடுகிறவரும் ஒரு இயந்திரம் மாதிரி உழைத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஒரே அசைவை ஆயிரம் தடவை செய்து செய்து வந்த துல்லியம் அது. இந்த இரண்டாவது வாசிப்பைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப இதுக்கு வரப்போறோம்.

ஒரே உடம்பு, பதினோரு நேரம்

அடுத்தவர் நார்மன் மெக்லாரன். 1914-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1941-இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் சேர்ந்து வாழ்நாள் முழுக்க அங்கேயே வேலை பார்த்தவர். 'நெய்பர்ஸ்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கினவர். எனக்கு அவரைப் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. தன் படங்களை எப்படி எடுத்தேன் என்று படிப்படியாகத் தொழில்நுட்பக் குறிப்பு எழுதிவைத்தவர். எழுதின கோடுக்கு டாக்குமென்டேஷன் எழுதுகிற மனுஷனைப் பார்த்தா எந்த சாஃப்ட்வேர் ஆளுக்கும் கண்ணில் தண்ணி வரும்.

அவருடைய 'பா த தூ' 1968-இல் வந்தது, சுமார் 13 நிமிடம். பாலேவில் இருவர் சேர்ந்து ஆடுவதற்கு இந்தப் பெயர். கறுப்புப் பின்னணி. வெள்ளை உடையில் மார்கரெட் மெர்சியே, வின்சென்ட் வாரன் என்ற இருவர். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் மட்டும் வருவதால் உடம்பின் விளிம்பு மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

முதலில் அந்தப் பெண் தனியாக எழுந்து ஆடத் தொடங்குகிறார். அவர் கையைத் தூக்கினால் பின்னாலேயே இன்னொரு கை எழும், அதன் பின்னால் இன்னொன்று. ஒரு விசிறி விரிகிற மாதிரி அவர் பலராகப் பெருகுவார். சில இடங்களில் பதினோரு உருவங்கள் வரை.

கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள்? ஆப்டிகல் பிரிண்டர் என்று ஒரு கருவி. எடுத்து முடித்த பிலிமை இன்னொரு பிலிமில் ஃப்ரேம் ஃப்ரேமாகப் பதிக்க உதவுவது. ஒரு முறை முழுவதையும் பதிக்க வேண்டும். பிறகு புது பிலிமைப் பின்னால் சுற்றி, அதே காட்சியைச் சில ஃப்ரேம்கள் தள்ளி அதன் மேலேயே மறுபடி பதிக்க வேண்டும். மறுபடி, மறுபடி. பின்னணி கறுப்பாக இருப்பதால் ஒன்றன் மேல் ஒன்று பதிந்தாலும் வெள்ளைக் கோடுகள் அழிந்துபோகாது. நம்ம பாஷையில் சொன்னா, ஒரே டேட்டாவின் பதினோரு பிரதிகள், ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கூடுதல் டிலே.

அப்படியென்றால் பின்னால் வருகிற உருவங்கள் நிழல்களோ ஆவிகளோ இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முந்தைய அதே பெண். பார்க்க வேண்டிய இடம், அவர் அசையாமல் நிற்கும் கணம். முன்னால் இருப்பவர் நின்றுவிடுவார். பின்னால் இருக்கும் பத்துப் பேரும் ஒவ்வொருவராக வந்து அவரோடு சேர்ந்து, கடைசியில் ஒரே ஆளாக ஆவார்கள். கடந்துபோன நேரம் வந்து சேருகிற வரைக்கும் நிகழ்காலம் காத்துக்கொண்டு நிற்கிறது. இதை மேடையில் காட்டவே முடியாது. இது கேமராவின் கடிகாரம் மட்டும் செய்யக்கூடிய வேலை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் படத்தின் இசை சாஸ்திரிய இசை இல்லை. ருமேனிய நாட்டுப்புறப் புல்லாங்குழல், பல குழாய்களை வரிசையாகக் கட்டி வாசிப்பார்களே, அந்த வகை. படத்துக்கு ஏற்ப அதைத் தொகுத்தவர் மொரீஸ் பிளாக்பர்ன். செவ்வியல் இசையோடு மெக்லாரன் செய்த சோதனை நாலு வருஷம் கழித்து வருகிறது. நம்ம நேயர் பார்த்ததும் அதுதான்.

இரவல் இசை

'பாலே அடாஜியோ', 1972. பத்து நிமிடப் படம். டேவிட் ஹோம்ஸ், அன்னா மரீ ஹோம்ஸ் என்ற கனடியத் தம்பதி ஆடுகிறார்கள். முழுப் படமும் ஸ்லோ மோஷன். பின்னணியில் அல்பினோனியின் அடாஜியோ என்ற பெயரில் உலகம் முழுக்கத் தெரிந்த அந்தச் சோகமான இசை. தந்திக் கருவிகளும் ஆர்கனும். பெயர் தெரியாவிட்டாலும் கேட்டால் "அட, இதுவா" என்பீர்கள்.

இந்தப் படத்தைப் பார்க்கும்போது அந்த நடனம் அந்த இசைக்காகவே பிறந்தது மாதிரி இருக்கும். அவர் அவளைத் தூக்குகிறார், வயலின்கள் மேலேறுகின்றன. அவள் மெல்லக் கீழே வருகிறாள், இசையும் தணிகிறது.

ஆனா அந்த நடனம் அந்த இசைக்கு ஆடியதே இல்லை.

அவர்கள் ஆடுவது மாஸ்கோவின் போல்ஷோய் நாடக அரங்கைச் சேர்ந்த ஆசஃப் மெஸ்ஸரர் அமைத்த 'ஸ்பிரிங் வாட்டர்ஸ்'. வசந்த காலத்து வெள்ளம் என்று சொல்லலாம். அதன் அசல் இசை ரஹ்மானினோவின் ஒரு பாடல், இரண்டு நிமிடம் சொச்சம். பனி உருகிப் பாய்ந்து வருகிற வேகம் அதில் இருக்கும். அந்தப் பெண் ஓடி வந்து காற்றில் பாய்வாள், அவன் பிடிப்பான், தலைக்கு மேலே வீசுவான், மறுபடி பிடிப்பான். மூச்சு விட நேரம் இருக்காது. உற்சாகம், துள்ளல். சோகத்துக்கு அங்கே வேலையே இல்லை.

மெக்லாரன் அதன் வேகத்தைப் பிடுங்கிவிட்டு, வேறொரு இசையை மேலே வைத்தார். நடனத்தில் ஒரு அடவைக்கூட மாற்றாமல், அதன் குணத்தையே மாற்றிவிட்டார்.

இதில் ஒரு தொழில்நுட்ப நியாயமும் இருக்கிறது. சினிமா சாதாரணமாக ஓடுவது நொடிக்கு 24 ஃப்ரேமில். 96 ஃப்ரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் ஒரு நொடி நான்கு நொடியாக நீளும். ஒருவர் 45 சென்டிமீட்டர் உயரம் எம்பிக் குதித்தால், காற்றில் இருப்பது மொத்தமே 0.6 நொடி. நான்கு மடங்கு மெதுவாக்கினால் கிட்டத்தட்ட இரண்டரை நொடி மிதப்பார். படத்தை இப்படி நீட்டலாம். ஆனால் அந்தக் காலத்து ஒலிநாடாவை நீட்ட முடியாது. வேகத்தைப் பாதியாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி கீழே போய்விடும். நாலில் ஒரு பங்காக்கினால் பியானோ சத்தம் லாரி இன்ஜின் மாதிரி உறுமும். ஆக, மெதுவாக்கிய நடனத்துக்கு அசல் இசை ஒட்டவே ஒட்டாது. வேறு ஒன்றை இரவல் வாங்கித்தான் ஆகணும்.

இரவல் வாங்கிய இசைக்கும் ஒரு கதை உண்டு. அல்பினோனி 1671-இல் வெனிஸில் பிறந்தவர். ஆனால் இந்த அடாஜியோவை 1958-இல் வெளியிட்டவர் ரெமோ ஜியாசோட்டோ என்ற இத்தாலிய இசை ஆய்வாளர். அல்பினோனி விட்டுச்சென்ற ஒரு துண்டை வைத்து உருவாக்கினேன் என்றார். நாம் கேட்கிற இசை பெரும்பாலும் ஜியாசோட்டோவே எழுதியது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. உழைத்தவர் ஒருத்தர், ஊர் உலகம் சொல்லுவது இன்னொருத்தர் பெயரை.

அப்படியும் ஏன் ஒட்டுகிறது? ஏனென்றால் ஒட்டவைப்பது நம்ம மூளை. இசை ஏறும்போது திரையில் ஏறுகிற எதையாவது கண் தேடிப் பிடித்துக்கொள்கிறது. ஏறாத பத்து விஷயங்களை விட்டுவிடுகிறது. நீங்களே சோதித்துப் பாருங்கள். படத்தை மியூட் செய்துவிட்டு, உங்களுக்குப் பிடித்த எந்த மெதுவான இசையையும் போனில் ஓடவிடுங்கள். ஒரு நாகஸ்வர ஆலாபனை போட்டுப் பார்த்தேன். சத்தியமாக அதற்கும் சேர்ந்தது.

மியூட் போட்டால் தெரிவது

மியூட் செய்துவிட்டு வேறு எதையும் ஓடவிடாமலும் ஒரு தடவை பார்க்க வேண்டும். அங்கேதான் எனக்கு இந்தப் படம் திறந்தது. திறந்துவிட்டது நான் இல்லை, என் அக்கா.

அக்கா பதினோரு வருஷம் பரதநாட்டியம் கற்றவள். அரங்கேற்றமும் ஆச்சு. நாலைந்து வருஷம் நிகழ்ச்சிகளில் ஆடினாள். இருபத்தி மூன்று வயதில் முழங்கால் வலியோடு நிறுத்தினாள். எங்கள் வீட்டு ஹாலில் அவளுடைய அரங்கேற்றப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அரைமண்டியில் உட்கார்ந்து, கை விரித்து, சிரித்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வருகிற எல்லோரும் அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் பேசுவார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது இந்தப் படத்தை டிவியில் போட்டேன். உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் சத்தம் வைக்கவில்லை. அக்கா காய் நறுக்கிக்கொண்டே பார்க்க ஆரம்பித்தாள். ஒரு நிமிஷத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவ மூஞ்சியைப் பார்க்காத. தொடையைப் பாரு" என்றாள்.

பார்த்தேன். ஒரு காலில் நிற்கிறார் அந்தப் பெண். முகம் அமைதியாக இருக்கிறது. தாங்குகிற காலின் தசை அமைதியாக இல்லை. சின்னச் சின்னதாகத் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. கணுக்கால் ஒரு பக்கம் போகப் பார்க்கிறது, மறுபக்கத்துத் தசை அதை இழுத்து நிறுத்துகிறது. சாதாரண வேகத்தில் பார்த்தால் "அசையாமல் நிற்கிறாள்" என்போம். அசையாமல் நிற்பது என்று ஒன்று கிடையவே கிடையாது. விழாமல் இருப்பதுதான் உண்டு.

"இப்ப அவன் கையைப் பாரு. தூக்கப் போறான்."

அவர் தூக்குவதற்கு முன்னாலேயே அவருடைய முழங்கால்கள் மடங்கிவிட்டன. அந்தப் பெண்ணும் தானாக எம்புகிறார். தூக்குவது ஒருத்தர், தூக்கப்படுவது ஒருத்தர் என்று நினைத்தால் தப்பு. இரண்டு பேரும் சேர்ந்து பாரத்தைப் பங்கு போடுகிறார்கள். இறக்கும்போது இன்னும் கஷ்டம். தடாலென்று வைத்தால் அந்தப் பெண்ணுக்கு வலிக்கும், பார்க்கிறவர்களுக்குக் கனம் தெரிந்துவிடும். அதனால் கடைசி அங்குலம் வரைக்கும் அவர் அந்த எடையைப் பிடித்துக்கொண்டே வருகிறார்.

அக்கா சொன்னாள்: "எங்க டீச்சர் சொல்லுவாங்க, வலி மூஞ்சியில தெரியக் கூடாதுன்னு. இவங்களுக்கும் அதையேதான் சொல்லிக் குடுத்திருக்காங்க. மூஞ்சியில ஒண்ணும் இல்ல பாரு. எல்லாம் கால்ல இருக்கு."

நான் கேட்டேன்: "அவங்க மறைக்கிறதுக்குன்னே இத்தனை வருஷம் கத்துக்கிட்டதை இப்படி மெதுவாக்கிப் போட்டுக் காட்டுறது நியாயமாக்கா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "எனக்கு யாராவது ஒருத்தர் இப்படி எடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்டா. முட்டி வலிக்குதுன்னு சொன்னப்ப, நல்லாத்தானே சிரிச்சிக்கிட்டு ஆடுறன்னு சொன்னாங்க."

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவள் மறுபடி காய் நறுக்கப் போய்விட்டாள். போகிறபோது, "இன்னொரு தடவை போடு, பாட்டோட" என்றாள்.

பாட்டோடு போட்டேன். அதே தொடை, அதே கணுக்கால். ஆனால் இப்போது அதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. வயலின்கள் வந்து எல்லாவற்றையும் தடவிக் கொடுத்துவிட்டன. நடுக்கம் நளினமாகிவிட்டது. விழாமல் இருக்கும் போராட்டம், மிதப்பாகிவிட்டது.

இதில் எது பொய், எது நிஜம்? இரண்டுமே நிஜம் என்றுதான் நினைக்கிறேன். அந்த மிதப்பை உண்டாக்கத்தான் அவர்கள் அத்தனை வருஷம் உழைத்தார்கள், அதைப் பார்க்காமல் விடுவதும் அவர்களுக்குச் செய்கிற அவமரியாதை. ஆனால் மிதப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கைதட்டினால், வலிக்குது என்று அவர்கள் சொல்லும்போது நமக்கு நம்பத் தோன்றாது. மெக்லாரன் ஒரே படத்தில் இரண்டையும் வைத்திருக்கிறார். காதுக்கு மிதப்பு, கண்ணுக்கு உழைப்பு. நேயர் கேட்டாரே, எதைப் பார்க்கணும் என்று. அந்த இடைவெளியைத்தான்.

துலாக்கின் இயந்திரம் ஞாபகம் இருக்கா? நடனக்காரியின் கைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அவர் போட்ட வெட்டு, 44 வருஷம் கழித்து மெக்லாரன் ஸ்லோ மோஷனால் செய்தது, இரண்டும் ஒரே வேலை. நளினத்துக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று மூடியைத் திறந்து காட்டுவது.

ஜெமினி மேம்பாலத்துப் பக்கம்

இதெல்லாம் பாரிஸ், கனடா சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். உழைப்பையே நடனமாக்கிய ஒரு படம் சென்னையில் எடுக்கப்பட்டிருக்கிறது. உதய் சங்கரின் 'கல்பனா', 1948. ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்தது. ஒளிப்பதிவு கே. ராம்நாத், இசை விஷ்ணுதாஸ் ஷிராலி. கதை என்று மெல்லியதாக ஒன்று இருக்கும், ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்துவது நடனங்கள். நிழல்கள், சாய்ந்த கோணங்கள், ஒன்றின் மேல் ஒன்றாகப் படியும் பிம்பங்கள் என்று கேமராவும் கூடவே ஆடும்.

அதில் தொழிலாளர்களும் இயந்திரமும் வருகிற ஒரு பகுதி இருக்கிறது. ஆடுகிறவர்களே பல்சக்கரங்களாகவும் தண்டுகளாகவும் ஆகிவிடுவார்கள். துலாக் ஒரு வெட்டைப் போட்டு இணைத்த இரண்டையும் உதய் சங்கர் ஒரே உடம்பில் வைத்துவிட்டார். களைப்பு அங்கே மறைக்கப்படவில்லை, அதுவே அடவாகிவிட்டது. பழுதுபார்த்துச் சீரமைத்த பிரதி 2012-இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. ஜெமினி மேம்பாலத்தில் டிராஃபிக்கில் மாட்டி நிற்கும்போது, இந்தப் பக்கம்தான் அது நடந்தது என்று நினைத்துக்கொள்வேன். வேறு என்ன செய்ய, சிக்னல் விழாது.

எப்படிப் பார்க்கிறது?

சரி, இன்ஜினியர் புத்தி, கடைசியில் ஒரு செக்லிஸ்ட் இல்லாமல் முடிக்க முடியாது.

மூணு தடவை பாருங்க. 'பாலே அடாஜியோ' பத்து நிமிடம்தான், மொத்தம் அரை மணி நேரம். 'பா த தூ', 'பாலே அடாஜியோ' இரண்டும் கனடா திரைப்பட வாரியத்தின் தளத்திலேயே இருக்கின்றன.

முதல் தடவை சத்தத்தோடு. ஒன்றும் யோசிக்க வேண்டாம், ரசியுங்கள். வயலின் உங்களை எங்கே இழுக்கிறதோ போங்கள்.

இரண்டாவது தடவை மியூட்டில். முகத்தைப் பார்க்காதீர்கள். தரையைத் தொடுகிற காலையும், இன்னொருவரைத் தொடுகிற கையையும் மட்டும் பாருங்கள். ஒரு அசைவு எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடுங்கள். நீங்கள் நினைத்ததற்கு ரொம்ப முன்னாலேயே ஆரம்பித்திருக்கும்.

மூன்றாவது தடவை மறுபடி சத்தத்தோடு. இப்போது இசை எதையெல்லாம் தடவிக் கொடுக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

வேகத்தை ஏற்றி மட்டும் பார்க்காதீர்கள். ஏற்றினால் இந்தப் படத்தில் ஒரு விசித்திரம் நடக்கும். நடனம் தன் அசல் வேகத்தை நோக்கித் திரும்பிப் போகும், இசை மட்டும் அவசர அவசரமாக அரைபடும். அதாவது மெக்லாரன் கஷ்டப்பட்டுப் பிரித்துவைத்த கடிகாரங்களை நீங்கள் குழப்பிவிடுவீர்கள். மெதுவாக்கியதுதான் அந்தப் படமே.

இது பிடித்துப்போனவர்களுக்கு அடுத்த படம் ஒன்று. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆன் தெரெசா டி கீர்ஸ்மேக்கர் 1982-இல் உருவாக்கிய 'ஃபாஸ்'. ஸ்டீவ் ரைக்கின் நான்கு இசைத் துண்டுகளுக்கான நடனம். அதைத் தியெரி டி மே 2002-இல் படமாக எடுத்தார். அதில் 'பியானோ ஃபேஸ்' பகுதியில் இரண்டு பியானோக்கள் ஒரே பன்னிரண்டு ஸ்வரக் கோவையைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். ஒன்று மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடித்து விலகும், பிறகு வந்து சேரும். இரண்டு பெண்கள் அதே போல விலகி விலகிச் சேர்வார்கள். இரண்டு மைக்கைத் தனித்தனி கருவிகளில் பதிவு செய்து, எடிட்டிங்கில் அரை மணி நேரம் தாண்டியதும் குரல்கள் ஒன்றை ஒன்று விட்டு நழுவுவதைப் பார்த்த எல்லா பாட்காஸ்டர்களுக்கும் அது தெரிந்த அவஸ்தை. அவர்கள் அதை வேண்டுமென்றே, எண்ணி எண்ணிச் செய்கிறார்கள். எண்ணிக்கொண்டே ஆடும்போது முகத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அங்கே யாரும் சிரிப்பைக் காட்டிக்கொண்டு ஆடவில்லை.

மியூட்டில் பார்த்துவிட்டு, நான் கவனிக்காத எதையாவது நீங்கள் கவனித்திருந்தால் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்க. நடனம் கற்றவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்க. படம் ஓடும்போது அவர்கள் எங்கே கை நீட்டிக் காட்டுகிறார்கள் என்று கவனித்து, அதையும் சேர்த்து அனுப்புங்க. அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன்.